அழைக்காத வளைகாப்பு

அத்தியாயம் 17

“ஞாயித்துக்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு உமா. குத்தாலத்துல மண்டபம் பிடிச்சிருக்கோம். நீ தப்பா எடுத்துக்காத… வந்துராத. பிள்ளையோட மட்டும் வந்துராத.”

புருஷன் மாரிராஜ் போனில் இதைச் சொன்னபோது உமாராணி “சரி” என்று வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்று. மேலகரத்துப் பிறந்த வீட்டில், பீரோ கண்ணாடி முன்னால் நின்று, மயில்கழுத்து நிறப் பட்டுக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ சாவியை விரலில் சுற்றியபடி வாசலில் நின்றான் அண்ணன் நாகராஜன்.

“நெசமாத்தான் போறியா?”

“போறோம்.”

“சண்டைன்னா நான் ரெடி. ஆனா அங்கன போயி அழுதுட்டு நிக்கக்கூடாது. சொல்லிட்டேன்.”

“அழப்போறது நான் இல்லண்ணே.”

கட்டிலில் மகள் குழலி உட்கார்ந்திருந்தாள். நாலு வயது. கவுனைத் தலைவழியாக மாட்டும்போது உமா ஒரு கையால் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை ஒரு நிமிஷம் துணி மறைத்தால் போதும், அந்தப் பிள்ளைக்கு நிலை தவறிவிடும். அப்படியே சாய்ந்துவிழுவாள். இரண்டரை வயதுக்கு மேல்தான் நடந்தாள். வலது கை இன்னும் முழுதாக விரியவில்லை. இரண்டு காதிலும் மெஷின் மாட்டியும், பக்கத்தில் வந்து சத்தமாகச் சொன்னால்தான் ஏதோ கொஞ்சம் கேட்கும். இத்தனை மாதப் பேச்சுப் பயிற்சியில் “ம்மா”, “தா”, “பூ” என்று மூன்று வார்த்தை வந்திருக்கிறது.

குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மனின் பெயரை ஆசையாக வைத்தவள் மாமியார் ஆனந்தவள்ளிதான். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த அன்றைக்கு, புளியங்குடி வீட்டில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் அவளே சொன்னாள்: “ஊமைக்கு அம்மன் பேரை வச்சுட்டேனே! எவ குடும்பத்துச் சாபமோ, எங்க வீட்டுல வந்து விடிஞ்சிருக்கு.”

நாத்தனார் யோகலட்சுமி அதற்கும் ஒரு படி மேலே போனாள். குழலி தவழ்ந்து வந்தால் தன் மகள் உலகேஸ்வரியை வெடுக்கென்று தூக்கிக்கொள்வாள். “கிட்ட போவாத உலகு! ஒட்டிக்கிடும்!”

ஒட்டிக்கிடும். அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியாமல்தான் உமா பிள்ளையோடு மேலகரத்துக்கு வந்தாள். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் சேர்ந்தாள். மாரிராஜ் சனிக்கிழமைதோறும் பொம்மையும் பழமும் வாங்கிக்கொண்டு வருவான். இந்த ஆறு மாதமாக “தனியா வீடு பாக்குதேன், வந்துரு உமா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அவளும் மனசு இளகித்தான் இருந்தாள், வியாழக்கிழமை வரை.

வியாழக்கிழமை தென்காசியில் புதிதாக வந்திருக்கும் டாக்டர் சிவசைலம் குழலியின் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரும் இதுவரை கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இவ வயித்துல இருக்கும்போது வீட்ல சின்னப் பிள்ளை யாராவது இருந்துச்சாம்மா? ரெண்டு, மூணு வயசுல?”

சைட்டோமெகலோ வைரஸ் என்றார். சுருக்கமாக சி.எம்.வி. சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கும். கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் சில சமயம் வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி ஆகாது. பலருக்கு ஒன்றுமே ஆகாது. சிலருக்குக் காது, நடை, கை, படிப்பு என்று இப்படி. “குழலியோடதும் அதுவாத்தான் தெரியுது.”

டாக்டர் அதற்குப் பிறகும் நிறையச் சொன்னார். உமாவின் காதில் முதல் பாதிதான் நின்றது. மீதியும் கேட்டது, ஆனால் அதை அவள் வேண்டுமென்றே ஒதுக்கிவைத்தாள்.

*

குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. சீசன் கூட்டம். ஈரத்தலையும் துண்டுமாக ஆட்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போனார்கள். ரம்புட்டான் விற்பவனின் வண்டிக்கும் வேனுக்கும் நடுவில் ஆட்டோவை நுழைத்து, ஐந்தருவிச் சாலையில் இருந்த மண்டபத்து வாசலில் நிறுத்தினான் நாகராஜன்.

“நானும் உள்ள வாரேன்.”

“வேண்டாம். நீ வந்தா அடிதடின்னு ஆயிரும். நான் அவங்க மனசைத்தான் அடிக்கணும்.”

குழலியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

உள்ளே பன்னீரும் சந்தனமும் மணத்தன. மேடையில் நாற்காலி போட்டு, பச்சைப் பட்டில், கழுத்து நிறைய மாலையோடு யோகலட்சுமி உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதம். இரண்டாவது பிள்ளைக்கு வளைகாப்பு போடுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஆனால் முதல் பிள்ளையின்போது வாசுதேவநல்லூர்ப் புகுந்த வீட்டோடு பெரிய சண்டை. வளைகாப்பும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. யோகலட்சுமி கைப்பிள்ளையோடு தாய் வீட்டில் வருஷக்கணக்காகக் கிடந்தாள். இப்போது எல்லாம் சரியாகி, போன வருஷமே சவூதியில் இருந்து மாப்பிள்ளையும் வந்தாயிற்று. விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துச் செய்துவிடுவது என்று ஆனந்தவள்ளி ஊரையே கூட்டியிருந்தாள்.

உமாவை முதலில் பார்த்தது மாரிராஜ். கையில் இருந்த தாம்பூலப் பைகளைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான்.

“உமா… நான் சொன்னேன்ல?”

“சொன்னிய. கேட்டுச்சு. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

அவனைத் தாண்டி மேடை ஏறினாள். ஆனந்தவள்ளி கையில் சந்தனக் கிண்ணத்தோடு குறுக்கே வந்தாள்.

“ஏட்டி, யாரு உன்னைய வரச் சொன்னா?”

“யாரும் சொல்லல அத்தை. மதினிக்கு வளையல் போட வந்தேன்.”

“பிள்ளைய வெளிய கொண்டு போ. நல்ல காரியம் நடக்குத எடம்.”

“ஏன்? எம்பிள்ளைக்கு என்ன?”

“என்னவா? எம்மவ வயித்துப் பிள்ளைக்காரி. இது முழிச்சுப் பாத்து…” ஆனந்தவள்ளி மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். முன்வரிசையில் வாசுதேவநல்லூர்ச் சம்பந்திகள் உட்கார்ந்திருந்தார்கள்.

“சொல்லுங்க அத்தை. முழிச்சுப் பாத்தா ஒட்டிக்கிடும். அதான?”

உமா குழலியை மேடையில் இறக்கிவிட்டாள். தட்டில் இருந்து இரண்டு பச்சை வளையலை எடுத்தாள். யோகலட்சுமி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விடாமல் பிடித்து, பதமாக ஏற்றினாள். பாடிக்கொண்டிருந்த பெண்கள் தானாக நிறுத்திவிட்டார்கள்.

“மதினி, ஞாபகம் இருக்கா? நான் முழுகாம இருக்கையில நீங்க காலம்பற பள்ளிக்கூட வேலைக்குப் போனா சாயந்தரந்தான் வருவிய. உலகு முழுக்க எங்கிட்டதான் கெடப்பா. அவ கடிச்சுப் போட்ட பிஸ்கட்டை நான் திம்பேன். அவ மிச்சம் வச்ச பருப்புச் சோத்தை வீணாக்கக்கூடாதுன்னு நாந்தான் வழிச்சுத் திம்பேன். மூக்கு ஒழுகுனா என் முந்தானையில தொடைப்பேன். அப்ப எனக்கு மூணு மாசம்.”

“அதுக்கு என்ன இப்ப? உன்னைய யாரு எச்சி திங்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. பிரியத்துல தின்னேன்.” உமாவின் குரல் உயரவில்லை. ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. “அந்த எச்சியில ஒரு வைரஸ் இருந்திருக்கு. சின்னப் பிள்ளைய அது ஒண்ணும் செய்யாது. சளி மாதிரி வந்துட்டுப் போயிரும். வயித்துப் பிள்ளைக்காரிக்கு வந்தா, உள்ள இருக்குத பிள்ளையப் போயி அடிக்கும். காதை அடிக்கும். மூளைய அடிக்கும். கைய மடக்கிரும். டாக்டர் சொல்லிட்டாரு. எம்பிள்ளை எவ சாபத்துலயும் பிறக்கல மதினி. உங்க வீட்டு எச்சியில பிறந்துச்சு.”

வெளியே வேன் ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

“நாலு வருசமா எங்கிட்ட இருந்து ஒட்டிக்கிடும்னு ஓடுனியளே. உங்ககிட்ட இருந்துதான் எனக்கு ஒட்டுச்சு.” உமா குனிந்து யோகலட்சுமியின் கண்ணைப் பார்த்தாள். “இப்ப உங்களுக்கு ஏழு மாசம். உலகு கடிச்சுக் குடுக்கதைத்தான இன்னும் தின்னுக்கிட்டு இருக்கிய?”

யோகலட்சுமியின் முகத்தில் இருந்து ரத்தம் இறங்குவதை உமா பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். இதைப் பார்க்கத்தான் பட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆறு வயது தாண்டிய பிள்ளையிடம் அந்தப் பயம் ரொம்பக் குறைவு; அதுவும் கூடவே இருந்து வளர்த்த தாய்க்கு அது முன்னாலேயே வந்து போயிருக்கும்; கையை நன்றாகக் கழுவி, எச்சில் பண்டம் தின்னாமல் இருந்தால் போதும். இதுவும் டாக்டர் சொன்னதுதான். உமா அதைச் சொல்லவில்லை. மாலையும் சந்தனமுமாக உட்கார்ந்து ஒரு நாளாவது இவள் நடுங்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து உலகேஸ்வரி மேடைக்கு ஓடி வந்தாள். பட்டுப்பாவாடை. வாயெல்லாம் பூந்தி. கையில் பாதி கடித்த லட்டு. பெரியவர்கள் பேசியதில் பாதியைத்தான் கேட்டிருப்பாள். அவள் எப்போதும் செய்வதுபோல அம்மாவின் மடியில் ஒரு கையை ஊன்றி எம்பினாள்.

“ம்மா, ஆ காட்டுங்க.”

யோகலட்சுமி லட்டு நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். தட்டிய வேகத்தில் புது வளையல்கள் இரண்டு உடைந்தன, லட்டு கீழே விழுந்து உருண்டது.

“கிட்ட வராத! போ அங்கிட்டு!”

அதே வார்த்தை. அதே தொண்டை. உமாவுக்கு நெஞ்சுக்குள் ஜில்லென்று இறங்கியது. நாலு வருஷ தாகத்துக்கு யாரோ ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்த மாதிரி இருந்தது. நல்லா வேணும், நல்லா வேணும் என்று மனசு அடித்துக்கொண்டது.

உலகு அழவில்லை. அடிபட்ட கையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள்.

இதில் எதுவுமே காதில் விழாத ஒருத்தி அங்கே இருந்தாள். உருண்டு போன லட்டைத்தான் குழலி பார்த்தாள். அதை எடுக்க இரண்டு எட்டு வைத்தாள். மேடையின் ஓரம். கால் தடுமாறியது. குப்புற விழப்போனவளை, உமா எட்டுவதற்குள், உலகு பாய்ந்து கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டாள்.

நிறுத்திய மறுநொடி, சுட்டதுபோலக் கையை எடுத்தாள். எடுத்த கைகளைப் பாவாடையில் தேய் தேய் என்று தேய்த்தாள்.

“அத்தை… நான் தொட்டுட்டேன்.” அவள் உதடு இப்போதுதான் துடித்தது. “குழலிக்கு இன்னும் ஏதும் ஆயிருமா அத்தை?”

இந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தவள் உமா. முதல் பல் முளைத்ததை முதலில் பார்த்தவளும் அவள்தான். வஞ்சம் தீர்க்க வந்த இடத்தில் யார் மேல் கை வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

முட்டிபோட்டு உட்கார்ந்து உலகின் கையைப் பிடித்துக் குழலியின் கையில் வைத்தாள்.

“ஒண்ணும் ஆகாதுட்டி. நீ ஒண்ணும் பண்ணல.”

“நீங்கதான சொன்னிய?”

“பாதிதான் சொன்னேன்.” எழுந்தாள். மண்டபத்தைப் பார்த்தே பேசினாள். “மீதியையும் கேட்டுக்கிடுங்க. அந்த வைரஸ் யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு யாராலயும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பஸ்ல பக்கத்துல இருந்த பிள்ளையா இருக்கலாம். வேற யாராவது பெரியவங்களா இருக்கலாம். பாதி ஊருக்கு அது வந்துட்டுப் போயிருக்கும். இந்தப் பிள்ளையக் கண்டு இனிமே யாரும் பயப்பட வேண்டாம். மதினி, உங்களுக்கும் ஒண்ணும் வராதுன்னுதான் நெனைக்கேன். வேணும்னா டாக்டர்ட்ட போயிக் கேளுங்க. இதை உலகுக்காகத்தான் சொல்லுதேன், உங்களுக்காக இல்ல.”

சொல்லிவிட்டுக் குழலியைத் தூக்கினாள். வந்த வேலை கெட்டுவிட்டது. பாதி பழி வாங்கி, பாதியைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. போதும், போய்விடலாம் என்று இறங்கினாள்.

படியில் கால் வைத்தபோதுதான் பின்னால் யோகலட்சுமியின் குரல் கேட்டது. உமாவிடம் பேசவில்லை. தன் தாயிடம் பேசினாள். பயத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாத குரல்.

“யம்மா… அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொன்னது இதுதானா? குழலி பிறந்தப்ப மூத்திரம் டெஸ்ட் எடுத்துட்டு ஏதோ வைரஸ்னு சொன்னாங்கன்னியே… சின்னப் பிள்ளைகிட்ட இருந்து வரும்னு எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“ஏ யோகா, வாய மூடு!”

உமா நின்றாள்.

குழலி பிறந்த வாரம் உமாவுக்கு நினைவே சரியாக இல்லை. ஆப்பரேஷன், அதன் பிறகு காய்ச்சல். அவள் ஒரு வார்டில் கிடந்தாள், பிள்ளை வேறு ஒரு வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி, மஞ்சள் காமாலை என்று பிறகு கேள்விப்பட்டாள். டாக்டர்களிடம் பேசியது மாரிராஜும் மாமியாரும்தான். “ஒண்ணும் இல்லன்னுட்டாங்க உமா, வீட்டுக்குப் போகலாம்” என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னான் அவன்.

மெல்லத் திரும்பினாள். ஆனந்தவள்ளியைப் பார்க்கவில்லை. தாம்பூலப் பைகளுக்குப் பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“உமா, வீட்டுல போயிப் பேசுவோம்.”

“தெரியுமா, தெரியாதா?”

மாரிராஜ் சம்பந்திகளைப் பார்த்தான். தாயைப் பார்த்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

“தெரியும்… ஆனா அம்மா சொன்னா, வீட்டுல சின்னப் பிள்ளைன்னா உலகுதான், அவகிட்ட இருந்து வந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா அக்காவைக் கடைசி வரைக்கும் வாசுதேவநல்லூர்ல சேக்க மாட்டாங்கன்னு. ஏற்கெனவே சண்டையில கெடந்தா…”

“மருந்து?”

“என்ன?”

“மருந்து சொன்னாங்களா, இல்லையா?”

இதையும் டாக்டர் சிவசைலம் வியாழக்கிழமை சொல்லியிருந்தார். பிறந்த முதல் மாதத்துக்குள் கண்டுபிடித்தால் ஒரு மருந்து இருக்கிறது. ஆறு மாதம் கொடுப்போம். முழுக்கக் குணமாகும் என்று சொல்ல முடியாது, ஆனால் சில பிள்ளைகளுக்குக் காதைக் கொஞ்சம் காப்பாற்றித் தரும். ‘அதைவிட முக்கியம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை காதை டெஸ்ட் பண்ணிட்டே இருக்கணும்மா. பிறந்தப்போ கேட்ட பிள்ளைக்கும் கொஞ்சம் கொஞ்சமா போகும். போறப்பவே பிடிச்சா, மெஷின் மாட்டிப் பேச்சைப் பிடிச்சிரலாம். உங்களுக்கு யாரும் சொல்லலையே, பாவம்’ என்று அவர் வருத்தப்பட்டிருந்தார்.

யாரும் சொல்லவில்லை.

“சொன்னாங்க,” என்றான் மாரிராஜ். “ரொம்ப வீரியமான மருந்துன்னாங்க, அடிக்கடி ரத்தம் எடுக்கணும்னாங்க. பச்சப்பிள்ளை உடம்பு தாங்காதுன்னு அம்மா பயந்தா. நாமளே எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டு வந்துட்டோம்.”

“நாமன்னு சொல்லாதீங்க. நான் அதுல இல்ல.”

முன்வரிசையில் யோகலட்சுமியின் மாமியார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. ஆனந்தவள்ளி அந்தப் பக்கம் ஓடினாள். “மதினி, மதினி, கேளுங்க, இந்தப் பய கூறில்லாமப் பேசுதான்…”

உமாவுக்கு அந்தக் கூச்சல் எங்கோ தூரத்தில் கேட்டது. சனிக்கிழமைதோறும் இவன் கொண்டுவந்த பொம்மைகள், பழங்கள். குழலி விழுந்து எழுந்து அவனிடம் நடந்து போகும்போது ஓடி வந்து தூக்கிக் கண் கலங்குவானே, அந்தக் கண். தெரிந்தே கலங்கிய கண். சாபம், சாபம் என்று அவன் அம்மா மண்ணை வாரித் தூற்றியபோதெல்லாம் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றானே. தாயின் பேச்சுக்கு வெட்கப்பட்டுக் குனிகிறான் என்று இவள் நினைத்திருந்தாள்.

யோகலட்சுமி மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அது மொத்தமும் இடம் மாறி, இப்போது ஒரே ஒரு ஆள் மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

வாசலில் நாகராஜனின் தலை தெரிந்தது. சத்தம் கேட்டு உள்ளே வந்திருந்தான்.

“என்னாச்சு? கெளம்புவோமா?”

“வண்டிய ஓரமாப் போட்டுட்டு உக்காருண்ணே. நான் இப்ப வரல.”

குழலியை இறக்கி, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு மாரிராஜ் முன்னால் போனாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் பிள்ளையை ஏற்றி நிறுத்தினாள். இப்போது குழலியின் முகமும் அவள் அப்பாவின் முகமும் நேருக்கு நேர் இருந்தன. உமா இரண்டு காது மெஷினையும் தொட்டுச் சரிபார்த்தாள். பிள்ளை சாயாமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள்.

“எங்கிட்ட சொன்னத இவகிட்ட சொல்லுங்க.”

“உமா, என்ன இது… சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன புரியும்?”

“புரியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்லுங்க. ‘உனக்கு மருந்து இருந்துச்சு, நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்’னு சொல்லுங்க. மெதுவாச் சொன்னா அவளுக்குக் கேக்காது. கத்திச் சொல்லுங்க. இந்த மண்டபத்துல இருக்க எல்லாரையும்விட அவளுக்கு நல்லாக் கேக்கணும்.”

மாரிராஜ் வாயைத் திறந்தான்.

குழலி அவன் உதட்டையே பார்த்தாள். பயிற்சிக்குப் போகும் இடத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அப்பா ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து, முகமெல்லாம் சிரிப்பாக, மடங்கிய கையை அவன் மோவாயில் வைத்து, சொல்லு சொல்லு என்று தட்டினாள்.